சாடிக்குள் முப்பத்தெட்டு

முட்டைகள் வந்தது ஜூன் முதல் வாரத்தில். மியேன் செத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

மூன்று பெண் நாகங்கள். முன்பின்னாக ஒரே நாளில் முப்பத்தெட்டு முட்டைகள் இட்டிருந்தன. ஜோடி சேர்த்தது மியேன்தான். எட்டு வருஷமாக அந்த வீட்டில் குட்டிகளை விலைக்கு வாங்கி வளர்த்துத்தான் பழக்கம். அடுத்தவன் பொரித்ததை எத்தனை நாள் வளர்ப்பது என்று அவள் இந்த வருஷம் ஆண்களையும் பெண்களையும் ஒரே செங்கல் அறையில் விட்டாள். அடுத்த வாரம் ஆற்றுக் கரைச் சாலையில் மணல் லாரி. பாம்பு வளர்ப்புக்குப் பெயர்போன ஊர். ஊர்ப் பெயரைக் கேட்டதும் வெளியூர்க்காரர்கள், "பாம்பு கடிச்சா?" என்பார்கள். "இல்லை, லாரி" என்பான் அவள் கணவன் தோவான். கேட்டவர்கள் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் தெரியும். அதை அவன் பழகிக்கொண்டான்.

தோவான் நீர்ப்பாசனம் படித்தவன். கரையோர நீரேற்று நிலையத்தில் வேலை. மியேன் ஒரே மகள் என்பதால் கல்யாணமாகி அவள் வீட்டுக்கே வந்து குடியிருந்தான். பாம்பு வேலை மியேனுக்கும் அவள் அம்மாவுக்கும் உரியது. இரை போடும்போது மூடியைப் பிடிப்பான், அவ்வளவுதான். இப்போது இரும்புக் கொக்கியால் தாய்ப் பாம்பைத் தள்ளிவிட்டு முட்டைகளை எடுத்ததும் அவனே.

உதவிக்கு யாரையும் கூப்பிட முடியாது. சாவு நடந்த வீட்டு முட்டை அறைக்குள் நூறு நாள் வரை வேறு யாரும் நுழைய மாட்டார்கள். அந்த வீட்டார் அடுத்தவர் முட்டை அறைக்குள்ளும் போகக் கூடாது. அதனால் பக்கத்து வீட்டுக் குயெத் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே பாடம் நடத்தினார். இருபது வருஷமாகப் பொரிக்கிறவர். வலது கை ஆள்காட்டி விரலில் பாதி இல்லை. மிச்ச பாதியால்தான் எல்லாவற்றையும் சுட்டிக் காட்டுவார்.

"மாப்ளே, வாய் அகலமா சாடி இருக்கா?"

"ஊறுகாய்ச் சாடி ரெண்டு இருக்கு."

"கழுவி வெயில்ல வெச்சியா? உப்பு வாசம் இருந்தாப் போச்சு."

"மூணு நாள் வெச்சேன்."

"ஆத்து மணல் போடு. கையில புடிச்சா உருண்டையா நிக்கணும், தண்ணி கசியக் கூடாது. உனக்குத் தெரியாததா. காலேஜ்ல அதத்தானே படிச்ச?"

"ஆறு படிச்சேன். சாடி படிக்கல."

குயெத் சிரித்தார். ரெண்டு மாதத்தில் அந்த மதிலோரம் கேட்ட முதல் சிரிப்பு. அது தன்னால் வந்தது என்பதே தோவானுக்கு உறைக்கவில்லை.

"பென்சில்ல ஒவ்வொண்ணு தலையிலயும் ஒரு கோடு போட்டுடு. கோடு மேலயே இருக்கட்டும். அம்பத்தஞ்சு, அறுபது நாளு. சூடு முப்பத்திரண்டத் தாண்ட விடாத."

சமையலறை வாசலில் வள்ளைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்த லாங் அம்மா, மியேனின் தாய், அதைக் கேட்டு உதட்டைச் சுழித்தாள்.

"கோடு நாங்களுந்தான் போடுவோம். என்னவோ அதிசயத்தச் சொல்ற மாதிரி."

அவள் ஆற்றுக்கு அக்கரை ஊர்க்காரி. அங்கே வீட்டுக்கு வீடு வாத்து முட்டை பொரிப்பார்கள். சூடேற்றிய உமிக்குள் ஆயிரக்கணக்கில் முட்டைகளைப் புதைத்து, கோடு பார்த்து நாளுக்கு மூன்று முறை திருப்பி வைப்பது அவர்கள் தொழில். பத்து வயதில் தொடங்கி, கல்யாணத்துக்குப் பிறகும் பருவத்துக்குப் பருவம் அண்ணன் வீட்டுக்குப் போய், முப்பது வருஷம் முட்டை திருப்பிய கை. முட்டையைக் கண்ணிமையில் வைத்துப் பார்த்தே சூடு சொல்வாள்.

கோடு எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. ஏப்ரலிலிருந்து அவன் எதையும் விளக்குவதில்லை.

பிறகு நாட்கள் ஒரே மாதிரி போயின. விடியற்காலையில் பச்சைத் தேயிலைத் தண்ணீர் ஒரு கோப்பை குடித்துவிட்டு வேலைக்குப் போவான். நாற்று நடும் காலம். மோட்டார் நான்கும் ஓயாமல் ஓடும். மாலையில் வந்து கை கழுவி, பின்புறத் தகரக் கூரை அறைக்குள் போவான். ஒரு சாடி ஜன்னலோரம், ஒன்று உள்மூலையில். துணியை விலக்குவான். முப்பத்தெட்டுக் கோடும் மேலே இருக்கும். வெப்பமானியைப் பார்ப்பான். துணியை மூடிவிட்டு முக்காலியில் கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பான். அது அவனுக்குப் பிடித்த கால் மணி நேரம். யாரும் யாரையும் விசாரிக்காத இடம் அது.

சாப்பாட்டில் மூன்று கிண்ணம். நூறு நாள் வரை செத்தவருக்கும் சோறு வைக்க வேண்டும். லாங் அம்மா மகளுக்கு முதலில் போடுவாள், கீரைச் சாறு, ஊறவைத்த குட்டிக் கத்தரிக்காய், மீன் கிடைத்தால் நடுத்துண்டு. பிறகு அவனுக்கு.

"உப்பு போதுமா?"

"போதும்."

"உங்க அண்ணன் போன் பண்ணுச்சா?"

"பண்ணினார்."

அதற்கு மேல் அவள் கேட்க மாட்டாள். அண்ணன் காங் வாராவாரம் சொல்வது ஒன்றுதான். பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை, மாமியார் வீட்டில் உனக்கு என்ன பெயர்? நூறாவது நாள் முடியட்டும், வேன் கொண்டுவந்து கூட்டிப் போகிறேன். லாங் அம்மாவுக்கு அது தெரியும். போ என்று அவள் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை.

இருபத்துநாலாம் நாள் மின்சாரம் போனது. வடக்கே அணைகளில் தண்ணீர் இல்லையாம். மோட்டார்கள் நின்றன. நிலையத்தில் சும்மா உட்கார்ந்து வேர்ப்பதற்கு வீட்டிலேயே வேர்க்கலாம் என்று தோவான் நடுப்பகலில் திரும்பினான்.

பின்னறைக் கதவு திறந்திருந்தது. லாங் அம்மா ஜன்னலோரச் சாடிக்கு முன்னால் குந்தியிருந்தாள். முழங்கை வரை கழுவிய ஈரம். இரண்டு கைகளும் சாடிக்குள். ஒரு முட்டையைக்கூட எடுக்கவில்லை, இடித்துக்கொள்ளவும் விடவில்லை. விரல்கள் ஓரத்திலிருந்து நடுவுக்குப் போயின. போகிற வழியில் முட்டைகள் ஒவ்வொன்றாகப் புரண்டு படுத்தன. அவ்வளவு அழகான வேலையை அவன் பார்த்ததில்லை. ஒரு கோடுகூட மேலே இல்லை.

"அம்மா, கைய எடுங்க."

அவள் திரும்பிப் பார்த்தாள். எடுத்தாள்.

"எத்தன நாளா?"

"மூணாம் நாள்லேருந்து."

"தினமுமா?"

"காலையில, மத்தியானம், சாயங்காலம். நீ வர்றதுக்குள்ள கோட்ட மேல கொண்டாந்து வெச்சிடுவேன். உனக்கு அப்படி இருந்தாத்தான் பிடிக்குதுன்னு."

"பாம்பு முட்டையத் திருப்பக் கூடாதும்மா. உள்ள கரு ஓட்டுல ஒட்டிக்கிட்டு இருக்கும். பெரட்டினா அடியில மாட்டிச் செத்துடும்."

அவள் விரல்களில் ஒட்டிய மணலைத் தட்டினாள்.

"வாத்து முட்டை திருப்பலன்னா ஒட்டிக்கிட்டுச் சாகும்."

"தெரியும்."

"இது ஒட்டிக்கலன்னாச் சாகுமா?"

"ஆமா."

"ரெண்டும் முட்டைதானே."

அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள், யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருள் மாதிரி.

"நீ வந்து உக்காந்து பாத்துட்டு எந்திரிச்சுப் போயிடற. ஒண்ணும் செய்யல. எம்பொண்ணு வெச்சுட்டுப் போனத இவன் அப்படியே விட்டுடுவான் போலன்னு நெனச்சேன். யாராச்சும் செய்யணுமே. அதான்."

"கேட்டிருக்கலாம்."

"உங்கிட்டயா? உங்கிட்ட என்னத்தக் கேக்கறது, தோவான். உப்பு போதுமான்னு கேட்டாலே கிணத்துல கல்லு போட்ட மாதிரி இருக்கு."

அவன் உள்ளே போய் ஒரு பித்தளைப் பூட்டு எடுத்துவந்தான்.

"இனிமே இந்த அறைக்குள்ள வராதீங்க. கதவக்கூடத் தொட வேண்டாம்."

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவளும் பதிலுக்கு ரெண்டு வார்த்தை சொல்லியிருப்பாள்.

"சரி" என்றாள்.

குயெத் மதிலுக்கு மேல் தலையை நீட்டிக் கேட்டுவிட்டுப் பாதி விரலால் காற்றில் ஒரு கோடு கிழித்தார். "எல்லாம் போச்சு மாப்ளே. கொட்டிட்டுச் சாடியக் கழுவு. ஊறுகாயாச்சும் போடலாம்."

தோவான் கொட்டவில்லை. முட்டைகளை அசைக்காமல் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தான். ஐந்து முட்டைகள் மஞ்சளாகக் குழிந்திருந்தன. மற்றவற்றில் சிவப்பு நரம்பு, மரத்து வேர் மாதிரி.

சாப்பிடும்போது சொன்னான். "முப்பத்திமூணு உசுரோட இருக்கு."

"அஞ்சு போச்சா?"

"போச்சு."

அவள் மகளுக்கு வைத்திருந்த கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே மென்றாள். மறுநாள் குயெத் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார். "இப்ப சிவப்பாத்தான் தெரியும். திருப்பின முட்டை கடைசியில கழுத்தறுக்கும். பாரு." மதில் அவ்வளவு உயரம் இல்லை. லாங் அம்மா காதிலும் அது விழுந்தது.

அதற்குப் பன்னிரண்டு நாள் கழித்து நூறாவது நாள். அன்றோடு அழுகையை நிறுத்த வேண்டும் என்பது வழக்கம். தோவான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்று அத்தைகள் பேசிக்கொண்டார்கள்.

முப்பத்தாறு டிகிரி வெயில். முற்றத்தில் பந்தல் போட்டு ஆறு மேஜை. வேகவைத்த கோழி, ஒட்டரிசிச் சோறு, கறி வைத்துச் சுருட்டிப் பொரித்த பலகாரம், மூங்கில்குருத்துச் சாறு. மேஜைகள் பின்னறை ஜன்னல் வரை நீண்டன. விருந்துக்கு வந்த பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்கள். ஒருவன் குச்சியை நுழைத்தான். தோவான் உள்ளே போய் ஜன்னல் கதவுகளைச் சாத்திக் கொக்கி மாட்டி, அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். சாப்பாடு முடிந்ததும் திறந்துவிடலாம். பதினோரு மணிக்கு மின்சாரம் போயிற்று. விசிறிகள் நின்றன. எல்லோரும் பனைமட்டை விசிறியைத் தேடினார்கள்.

சாப்பாடு முடிந்தது. பீடத்தின் முன் மியேனுக்கு வைத்த கடைசிக் கிண்ணத்தை எடுத்தார்கள். தேநீர் வந்தது. காங் அண்ணன் அவனைப் பந்தல் ஓரத்துக்குக் கூட்டிப் போனார். வேன் தெருவில் நின்றது.

"பையக் கட்டிட்டியா?"

"இல்ல."

"இன்னிக்குன்னுதானே சொன்னேன்."

"முட்டை இருக்கு. குட்டி வெளிய வரட்டும். அப்புறம் வரேன்."

"எத்தன நாளு?"

"இருபது."

"பாம்புக்காகவா உக்காந்திருக்க?"

"ஆமா."

அண்ணன், தேநீர்க் கூஜாவோடு அந்தப் பக்கம் வந்த லாங் அம்மாவை நிறுத்தினார். "நீங்களாவது சொல்லுங்கம்மா. வயசுப் பையன். இங்க யாருக்காக இருக்கான்?"

"அவன் காலு அவனோடது" என்று சொல்லிவிட்டு அவள் ஊற்றிக்கொண்டே போனாள்.

எல்லோரும் போய், பந்தல் பிரித்து, மேஜைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சட்டையைக் கழற்றும்போதுதான் சாவி தரையில் விழுந்தது. மணி நாலு.

கதவைத் திறந்ததும் காற்று முகத்தில் அறைந்தது. ஜன்னலோர வெப்பமானி முப்பத்தெட்டு காட்டியது. ஜன்னலைத் திறந்தான். தரையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினான். ஈரச் சாக்கைக் கூரைக்கு அடியில் கட்டினான். முட்டைகள் பார்க்க முன்பு போலவே இருந்தன. கோடுகள் மேலேதான் இருந்தன. யாரிடமும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் முதல் தேதி முதல் முட்டையின் தோல் கத்தியால் கீறியது போலப் பிளந்தது. அதில் ஒரு மூக்கு. அது வெளியே வர ஒரு பகல் எடுத்துக்கொண்டது. வந்ததும் சுண்டுவிரல் பருமனுக்குப் படமெடுத்து அவனைப் பார்த்துச் சீறியது. மூன்று நாளில் பதினொன்று. உள்மூலைச் சாடியில் பத்து, ஜன்னலோரச் சாடியில் ஒன்று. பிறகு எதுவும் அசையவில்லை.

நூறு நாள் முடிந்ததால் குயெத் இப்போது முட்டை அறைக்குள் வரலாம். வந்தார். குட்டிகளை எண்ணினார். "பதினொண்ணா? அந்தக் கை பட்டும் பதினொண்ணு வந்துதே, அதுவே பெருசு மாப்ளே." அப்புறம் சமையலறைப் பக்கம் பார்த்து, "அக்கா, நான் வாத்து வளத்தா உங்களத்தான் கூப்பிடுவேன்" என்றார்.

"உன் வாத்துக்கும் விரல் பாதிதான் இருக்கும்" என்றாள் லாங் அம்மா. ஆனால் வெளியே வரவில்லை.

நாலாம் நாள் காலையில் அவள் தண்ணீர்த் தொட்டியடியில் ஒரு பேசினும் கத்தியும் வாழையிலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அந்தப் பொரிக்காததையெல்லாம் கொண்டா."

"எதுக்கு?"

"எங்க ஊருல கடைசி வேல இதுதான். ஒடச்சுப் பாத்தா எந்த நாள்ல போச்சுன்னு தெரியும். யார் கையில போச்சுன்னும் தெரியும்."

அவன் கொண்டுவந்தான். அவள் முதல் முட்டையைக் கீறினாள். உள்ளே பார்த்தாள். உடனே வாழையிலையை மேலே மடித்தாள்.

"ஜூன்ல போனது. நான் திருப்பினதுல."

அடுத்ததைக் கீறினாள். "இதுவும்." மூன்றாவது. "இதுவும் என் கைதான்." வேகமாகச் செய்தாள், சோளம் உரிப்பது போல.

"காட்டுங்க."

"பாத்து என்ன செய்யப் போற? நாத்தம்."

அவன் குனிந்து இலையை விரித்தான். உள்ளே குட்டி சுருண்டு கிடந்தது. நீட்டினால் ஒரு சாண் வரும். முதுகெல்லாம் செதில். கழுத்தில் வெளிறிய வளையம்கூட விழுந்திருந்தது.

"ஜூன்ல போனதுக்குச் செதில் இருக்காதும்மா."

"உனக்கு என்ன தெரியும். முதல் தடவ பொரிக்கிறவன்."

"நீங்களும் முதல் தடவதான்."

ஐந்து குழிந்த முட்டைகளில் ஒன்றை எடுத்து அவனே கீறினான். உள்ளே சதை நிறத்தில் புழு மாதிரி ஒரு கரு, கறுப்பாக இரண்டு கண். வேறொன்றும் இல்லை. அதைச் செதில் போட்டதற்குப் பக்கத்தில் வைத்தான். இரண்டையும் இருவரும் பார்த்தார்கள்.

"நீங்க திருப்பினதுல போனது இந்த அஞ்சு" என்றான். "மிச்சம் இருபத்திரண்டும் நூறாவது நாள் போனது. ஜன்னல நான்தான் சாத்தினேன். நாலு மணி வரைக்கும் மறந்துட்டேன்."

அவள் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

கத்தியைப் பேசினில் போட்டாள். "தேத்தண்ணி ஊத்திட்டுக் கூஜா நிரப்ப வந்தேன். அந்தக் கதவுப் பக்கம் போனா அனலடிச்சுது. கையால தொடல. கண்ணிமைய வெச்சுப் பாத்தேன். முட்டை தாங்குற சூடு இல்ல அது. முப்பது வருஷம் பாத்த சூடு, தெரியாமப் போகுமா?"

"என்னக் கூப்பிட்டிருக்கலாமே."

"கூப்பிடத்தான் வந்தேன்." அவள் தொட்டித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பந்தல் ஓரத்துல நீ உங்க அண்ணன்கிட்டச் சொல்லிட்டிருந்த. குட்டி வெளிய வரட்டும், அப்புறம் வரேன்னு. அதக் கேட்டேன். அப்ப குட்டி வந்தா என்ன, வராட்டா என்னன்னு தோணிச்சு. ஒரு நிமிஷந்தான். அதுக்குள்ள யாரோ தேத்தண்ணி கேட்டாங்க. ஊத்தினேன். அப்புறம் நெனப்பு வந்தப்ப உங்க அண்ணன் என்ன நிறுத்தி வெச்சுப் பேசிட்டிருந்தாரு. அப்பவும் சொல்லல."

தொட்டிக்குள் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் குயெத் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

"பொண்ணு வெச்சுட்டுப் போனது" என்றாள். "ரெண்டு பேரும் சேந்து வேக வெச்சுட்டோம்."

தோவானுக்குக் கோபம் வர வேண்டும். வருகிறதா என்று காத்திருந்தான். வரவில்லை. பேசினிலிருந்து கத்தியை எடுத்து அடுத்த முட்டையைக் கீறினான்.

"இது?" என்றான்.

அவள் எட்டிப் பார்த்தாள். "நூறாவது நாளு."

"இது?"

"அதேதான்."

இருபத்திரண்டையும் பார்த்தார்கள். எல்லாம் ஒரே நாள். அவள் இலையைச் சுற்றி நாரால் கட்டினாள். கொய்யா மரத்தடியில் அவன் குழி தோண்டிப் புதைத்தான். கை கழுவும்போது அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"உங்க அண்ணன் உன்னக் கூட்டிட்டுப் போக ஞாயித்துக்கிழமதானே வர்றாரு?"

"ஆமா."

"நான் உன்ன இருன்னு சொன்னதில்ல. சொல்ல எனக்கு என்ன வக்கு இருக்கு. பொண்ணு இருந்தவர மருமகன். இப்ப என்னன்னு எனக்கே தெரியல." சோப்பைக் கல்லில் வைத்தாள். "இரேன்னு சொன்னா இருப்பியா?"

அவன் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான். அங்கேயே நின்று அண்ணனைக் கூப்பிட்டான்.

"அண்ணா, குட்டி வந்துடுச்சு. பதினொண்ணு... ஆமா, அவ்வளவுதான்... ஞாயித்துக்கிழம வாங்க. அண்ணியையும் கூட்டிட்டு வாங்க, மத்தியானம் சாப்பிடலாம். பைக்ல வாங்க. வேன் வேண்டாம்."

அந்த முனையில் அண்ணன் நிறையப் பேசினார். அவன் கேட்டுக்கொண்டான். "சரி, திட்டுங்க" என்றான். "வந்து நேர்லயும் திட்டுங்க." போனை வைத்தான்.

லாங் அம்மா பேசினைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஞாயித்துக்கிழம சந்தையில வாத்து நல்லதாக் கிடைக்காது" என்றாள். "சனிக்கிழமையே வாங்கிடு."